தட்டின் நடுவில் விழாத நிழல்

இன்று காலை மாடியில் டிவி டிஷ்ஷின் கேபிள் முனையைப் பிரித்தேன். மார்கழிக் கடைசியில் பெய்த மழையில் உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. பழைய கருவிப் பையிலிருந்து கறுப்பு ரப்பர் டேப்பை எடுத்து இழுத்தேன். இழுக்க இழுக்க மெலிந்து, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் அந்த டேப். சைக்கிள் ட்யூப்பும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற அதன் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. குனிந்து, எதிரே டீக்கடையில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். கும்பகோணத்தில் நான் குடியிருக்கும் இந்தத் தெருவில் டீக்கடையே கிடையாது.

நீ போய் இருபது நாள் ஆகிறது. செய்தி வந்தபோது முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. இனி யாருக்கும் தெரியாது என்ற எண்ணம்தான் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் இதை எழுதுகிறேன். அந்த நிம்மதி பதினாறு நாள்தான் நின்றது. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். அங்கே உன் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கேட்டதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மொட்டை மாடிக்கு வா.

தாலுகா ஆபீஸ் மாடியில் ஆறடி அகலத்துக்கு வெள்ளைத் தட்டு ஒன்று நின்றது. விசாட் என்று சொன்னால் ஆபீசில் பாதிப் பேருக்குப் புரியாது. தட்டு என்றால் புரியும். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே இருக்கிறது. அதனால் நம் தட்டுகள் எல்லாம் இலை போட்டுச் சோற்றுக்குக் காத்திருப்பவனைப் போல மல்லாந்து கிடக்கும். வடக்கே போய் வந்த தாசில்தார் ஒருத்தர், அங்கெல்லாம் தட்டு சாய்ந்துதானே நிற்கிறது, இதைச் சரியாக மாட்டவில்லையா என்று என்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? ஆபீஸ் பெருக்க வந்த அம்மாள் ஒரு சித்திரையில் அதில் மோர்மிளகாய் காயவைத்ததையும், லைன் போய்விட்டது என்று நான் மேலே ஓடியதையும், நீ ஒரு மிளகாயை எடுத்துக் கடித்துவிட்டு "உப்புப் பத்தலய்யா" என்றதையும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கிராமத்துக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தத் தட்டு வழியாகச் சென்னையில் இருந்த மைய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற லைனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணக்கைச் சரிபார்த்துத் தருவது உன் வேலை. நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஒரு கம்பெனி அனுப்பி வைத்த ஒப்பந்த ஆள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிப்பார்கள், இல்லையென்றால் போ என்பார்கள். நீ தேர்வெழுதி நிரந்தர வேலைக்கு வந்தவன். உங்கள் தெருவிலிருந்து ரெவின்யூவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள். அது எனக்குப் பொறுக்கவில்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டே மனதுக்குள் பொறுக்காமல் இருந்தேன். என் அப்பாவின் நிலம் குத்தகைச் சட்டத்திலும் பங்காளிச் சண்டையிலும் போனது. சட்டம் போட்டவர்கள் மேல் கோபம், பங்காளிகள் மேல் கோபம், உழுதவர்கள் மேலும் கோபம். அவர்களைப் போல உழுத ஒருவரின் மகன் எனக்குக் கடலை மிட்டாயில் பாதி உடைத்துக் கொடுக்கிறானே என்று உன் மேலும் கோபம்.

உன் அப்பா என் தாய்மாமன் நிலத்தில் குத்தகைக்காரர். இதை நாம் இரண்டு பேரும் ஆபீசில் பேசியதே இல்லை.

மாமாவை உனக்கு நன்றாகத் தெரியும். ஆட்சி மாறும்போது அவர் வேட்டியின் கரையும் மாறும். இரண்டு கரைக்கும் வேட்டி பீரோவில் தயாராக இருக்கும். குடவாசல் சாலையில் அவருக்கு இருந்த நிலத்தில் பன்னிரண்டு பேர் பயிர் செய்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் கையால் எழுதிய பழைய பதிவேட்டில் இருந்தார்கள். அந்தப் பேர்கள் கம்ப்யூட்டர் பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு அசைக்க முடியாது. போகிக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு மைய நிலையத்தில் பட்டியலை மூடுகிறார்கள். விடுபட்டவர்கள் ஒவ்வொருத்தராக மனுப்போட்டு, விசாரணைக்கு நின்று, நிரூபித்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குள் அறுப்பு முடிந்துவிடும். தன் ஆட்களை விட்டு அறுத்து, தானே பயிர் வைத்ததாக மாமா காட்டிவிடுவார்.

அந்த வாரம் மாமா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்டா. அந்த ஒரு நாள் லைன் வேலை செய்யலன்னா போதும். மெஷின்தானே, ரிப்பேர் ஆவாதா?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் தோளில் கையை வைத்தார். தாய்மாமன் கை. என்னைத் தூக்கி வளர்த்த கை. உங்கம்மா இருந்திருந்தா அவளே சொல்லியிருப்பா, என்றார். எனக்கு மூன்று மா நிலம் எழுதி வைப்பதாகவும் சொன்னார். கடைசி வரை அவர் அதை எழுதவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் இருக்கிறது. எதற்காக எழுதுவதாகச் சொன்னார் என்பதை நினைத்தால் ஆத்திரப்படவும் யோக்கியதை இல்லை. ஆனால் நிலத்துக்காக நான் அதைச் செய்யவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். வாசல் வரை போனவர் திரும்பி, என் ஆளு ஒருத்தன் எதிர்த்த டீக்கடையில இருப்பான், தொணைக்கு, என்றார்.

அன்று காலை எட்டே முக்காலுக்கு மாடி ஏறினேன். தட்டை ஏற்றி இறக்குவதற்குப் பின்புறம் நீள மரைக்கம்பி ஒன்று இருக்கும். அதன் நட்டைத் திருப்பினால் தட்டு மயிரிழை மயிரிழையாகச் சாயும். எப்போது திருப்பினாலும் கம்பியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, சுற்றுகளை எண்ணிக்கொண்டுதான் திருப்புவேன். இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொள்வதே அதுதான். அன்று கோடும் போடவில்லை, எண்ணவும் இல்லை. டீக்கடையில் நின்றவன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பேனர் எத்தனை முறை வழுக்கியது என்றுகூடத் தெரியாது.

ஒன்பது மணிக்கு நீ வந்தாய். கையில் கடைசிக் கிராமத்தின் பட்டியல். லைன் எப்ப வரும் என்று கேட்டாய். சூரியக் குறுக்கீடு, இந்த வருஷம் கொஞ்சம் அதிகமா இருக்கு, இன்னிக்குப் பூரா வராது, என்றேன். நீ தலையாட்டிவிட்டு உன் மேஜைக்குப் போனாய்.

எவ்வளவு முட்டாள் நான். படித்தவன் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்த முட்டாள்.

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சூரியனின் இரைச்சலில் சிக்னல் அடிபட்டுப் போகும். வருஷத்தில் இரண்டு முறை, பங்குனித் தொடக்கத்திலும் புரட்டாசியிலும், நாலைந்து நாள், நாளுக்குச் சில நிமிஷம். அதற்கு முந்தைய புரட்டாசியில் அதை உனக்குக் காட்டியதே நான்தான். தட்டின் நடுவுக்கு மேலே மூன்று கம்பிகள் தாங்கி நிற்கும் குமிழின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து, தட்டின் நட்ட நடுவில் பொட்டு வைத்தது போல உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே லைன் போயிற்று. நீ கைதட்டினாய். நாலு நாளும் பன்னிரண்டு மணிக்கு முன்னால் மேலே வந்து நின்று, நிழல் நடுவுக்கு வரும் நேரத்தை உன் டைரியில் குறித்துவைத்தாய். உங்கள் அப்பா களத்தில் நிழலைக் காலால் அளந்து நேரம் சொல்வார் என்று அப்போதுதான் சொன்னாய்.

அன்று பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நீ மாடிக்கு வந்தாய். நான் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாய். குமிழின் நிழல் நடுவிலிருந்து வடக்கே ஒரு சாணுக்கு மேல் தள்ளி விழுந்திருந்தது. சாணை வைத்து அளந்தும் பார்த்தாய்.

"தை பொறக்கப் போவுது. சூரியன் தெக்க சாஞ்சு போறாரு. ஒந்தட்டு உச்சிய பாத்துக்கிட்டு கெடக்கு. ரெண்டும் எப்படிய்யா ஒரே எடத்துல வரும்?"

நீ மரைக்கம்பியைப் பார்த்தாய். பழைய துருவுக்குக் கீழே புதிதாக அரை விரல் நீளத்துக்குக் கம்பி மினுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கைப்பிடிச் சுவரோரம் போய் எதிரே டீக்கடையைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. நீ என்னை அடித்திருக்கலாம். கீழே போய்ச் சத்தம் போட்டிருக்கலாம். அது வயலில் எல்லார் கையிலும் அரிவாள் இருக்கும் மாதம். கொஞ்ச நாள் முன்புதான் பக்கத்துக் கிராமத்தில் வைக்கோல் போர் எரிந்திருந்தது. இரண்டு தெருவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"நான் கீழ ஒக்காந்து நம்பர பாத்துச் சொல்றேன். நீ திருப்பு," என்றாய். அவ்வளவுதான்.

கோடு போட்டிருந்தால் அது ஐந்து நிமிஷ வேலை. எண்ணியிருந்தால் பத்து நிமிஷம். கம்பியில் மினுங்கிய இடத்தை வைத்துத் திருப்பினால் போதாதா என்று இதைப் படிக்கிற யாரும் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இறங்கியிருந்தது நட்டு மட்டும் இல்லை. ஸ்பேனர் வழுக்கியதில் தட்டின் அடித்தண்டும் இடம் பெயர்ந்திருந்தது. வானத்தில் ஊசி முனை அளவு இடம் அது. அங்கிருந்து கொஞ்சம் விலகினாலும் ஒன்றுமே கிடைக்காது. நான் கால் சுற்று திருப்புவேன். கீழே ஜன்னலிலிருந்து நீ "இல்ல" என்பாய். இன்னொரு கால் சுற்று. "இல்ல." மதியச் சாப்பாட்டுக்கு நீ எழுந்து போகவில்லை. டீக்கடைக்காரன் மதியத்துக்குப் பலகை போட்டு மூடி, பிறகு மறுபடி கடை திறந்தான். மாமாவின் ஆள் அங்கேயே நின்றான். நான் சரிசெய்கிறேன் என்பது அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று நினைத்தே வியர்த்துக்கொண்டிருந்தேன். சரிசெய்தால் அவன், செய்யாவிட்டால் நீ. உன் குரல் எனக்கு அவனைவிடப் பயமாக இருந்தது. ஏனென்றால் நூறு தடவை "இல்ல" சொன்னபோதும் அதில் கோபமே இல்லை.

நாலேகாலுக்கு "வருது" என்றாய். பிறகு, "நிறுத்து, நிறுத்து, தொடாத."

நான் கீழே ஓடி வந்தபோது மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. இணைப்பு நிலைத்து, மைய நிலையம் நம்மை ஏற்றுக்கொள்ளவே நாலரை தாண்டிவிட்டது. நீ பட்டியலை அனுப்பத் தொடங்கினாய். ஒரு பேர் போய், அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டதும் அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு வரி அடிக்கும். ஒரு வரிக்கு மூன்று நிமிஷம் போலப் பிடித்தது. நாம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதாவது வரி அடித்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. ஐந்து மணி.

மூன்று பேர் விடுபட்டார்கள். பன்னிரண்டாவது பேர் உன் அப்பாவுடையது. அகர வரிசைப்படி அது மூன்றாவதாக வந்திருக்க வேண்டும். அப்பனுக்கு முதலில் போட்டுக்கொண்டான் என்று ஆபீசில் ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்று நீயேதான் அதைக் கடைசிக்கு மாற்றியிருந்தாய்.

தாசில்தார் பதிவேட்டோடு வந்தார். துண்டிப்புக்கான காரணம் என்று ஒரு கட்டம். அவர் என்னைப் பார்த்தார். நான் மோடத்தின் விளக்கைப் பார்த்தேன். நீ பதிவேட்டை வாங்கி, உன் கையெழுத்தில் 'சூரியக் குறுக்கீடு' என்று எழுதிக் கீழே ஒப்பமிட்டாய்.

பஸ் ஸ்டாண்டு வரை நாம் சேர்ந்து நடந்தோம். குடவாசல் பஸ் வந்து நின்றதும் நீ சொன்னாய்: "இப்ப நெசத்த எழுதுனா பொங்கலுக்குள்ள நாலு தல உருளும். அதுல எங்கப்பா தலையும் இருக்கும், ஒந்தலையும் இருக்கும். அறுப்பு முடியட்டும். அப்புறம் நீயா சொல்லு."

அப்புறம் நீயா சொல்லு. இந்த மூன்று வார்த்தையை இறக்கி வைக்க எனக்கு இடம் கிடைக்கவே இல்லை.

அறுப்பு முடிந்தது. மாமா மூன்று பேரின் வயலிலும் தன் ஆட்களை இறக்கினார். போலீஸ் நின்றது, கொடிகள் வந்தன, கோஷம் போட்டார்கள், போனார்கள். உன் அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. மார்கழியில் சூரியக் குறுக்கீடு வராது என்று மேலே யாரோ கண்டுபிடித்தார்கள். பொய்க் காரணம் எழுதியதாக உனக்குப் பதினேழு-பி ஒழுங்கு நடவடிக்கை மெமோ வந்தது. லைனுக்குப் பொறுப்பு நான். ஆனால் எழுத்து உன்னுடையது. உன் ஊதிய உயர்வை நிறுத்தி, உன்னைப் பூதலூர்ப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு நினைவில்லை என்றேன். நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்.

உன் மேல் எனக்கு வருத்தமும் உண்டு. சொல்லிவிடுகிறேன். நீ பூதலூரிலேயே வீடு கட்டி, எனக்குப் பத்திரிகை வைத்து, மகள் பிறந்தபோது சர்க்கரை அனுப்பி, பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை போட்டு, அதெல்லாம் நின்றபிறகு போன் செய்து, இத்தனைக்கும் நடுவில் ஒரு தடவையாவது, ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சண்டை போட்டு உறவை முறித்துக்கொண்டிருப்பேன். நீ அதற்கும் வழி விடவில்லை. உடம்பு எப்படி இருக்கு, கும்பகோணத்துல மழை உண்டா, இதையே இருபத்தைந்து வருடம் கேட்டாய். போன் மணி அடித்து உன் பேர் தெரியும்போதெல்லாம் இன்று கேட்கப்போகிறாய் என்று எனக்குக் கை ஈரமாகும். நீ பொறுமையாகத்தான் இருந்தாயா, என்னைத் தண்டித்தாயா? இரண்டும் ஒன்றாகவே இருந்தது எனக்கு.

இப்போது உன் மகள் விஷயம். காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வக்கீலுக்குப் படித்திருக்கிறாள். தாத்தாவின் குத்தகை வழக்கை அவள்தான் நடத்துகிறாளாம். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். எழுத்து மங்கி, ஓரத்தில் துளை போட்ட பழைய அச்சுத்தாள். ஒன்பது வரி. அதை நீ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய்.

"தாத்தா பேர் விடுபட்டதுக்கு தாத்தாவோட அலட்சியம்தான் காரணம்னு எதிர்த்தரப்புல சொல்றாங்க சார். அன்னைக்கு லைன் எதனால போச்சு? அப்பாகிட்ட கேட்டா, சார் சொல்லுவாரு, அவரு வரட்டும்னாரு. சாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் அதையேதான் சொன்னாரு."

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். எதிர்த்தரப்பு அவர் மகன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். நேற்று காலை, கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இறங்காமலே விசாரித்தான்: "அத்தான், பூதலூருக்குக் காரியத்துக்குப் போயிருந்தீங்களாமே." போயிருந்தேன் என்றேன். "நல்லது," என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் நேற்றிலிருந்து தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் நான் ஜன்னலை விட்டு விலகி நிற்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள்.

நீ இருந்தவரை ஒரு சௌகரியம் இருந்தது. எல்லாம் தெரிந்த ஒருத்தன் பூதலூரில் இருக்கிறான், அவன் பேசாமல் இருக்கிறான், என் பொய்யில் பாதி அவனுடைய கையெழுத்தில் இருக்கிறது என்ற சௌகரியம். இப்போது அது முழுவதும் என்னுடையதாகிவிட்டது.

காலையில் டேப்பைச் சுற்றி முடித்துவிட்டுப் பையின் அடியில் கையை விட்டேன். அந்த ஸ்பேனர் இருக்கிறது. வாயில் துரு ஏறியிருக்கிறது. வேலையை விட்டு வந்தபோது கருவிகளையெல்லாம் ஒப்படைத்தேன், இதை மட்டும் ஏன் வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. நாளை காலைப் பாசஞ்சரில் பூதலூர் வருகிறேன். உன் மகளிடம் இதைக் கொடுக்கப்போகிறேன், இந்த மடலையும். ஆபீஸ் வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் கையெழுத்து நடுங்கியிருக்கிறது. கோர்ட்டில் கேட்டால் பயத்தால் என்று சொல்லிக்கொள்ளட்டும். அது உண்மைதான்.

அந்தப் பதிவேட்டில் நீ எனக்காக எழுதியதை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

துண்டிப்புக்கான காரணம்: காலை எட்டே முக்காலுக்குத் தட்டின் கம்பி வேண்டுமென்றே திருப்பப்பட்டது. திருப்பியவன் நான். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.